கோவளம் முதல் குமரி வரை: கடலில் நீந்த இடம் தேடுவோர் கேட்கும் கேள்விகள்

திருவனந்தபுரம் நகரிலும், பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று எல்லையின் இருபுறமும் வாழும் தமிழர்கள் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். குளத்திலோ பயிற்சிக் குளத்திலோ நீந்தக் கற்றுக்கொண்டு, இனிக் கடலில் நீந்திப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதியுள்ளேன். நான் உயிர்காப்பாளர் அல்லன்; இந்தக் கரையில் நெடுநாளாக நீந்திவருபவன் மட்டுமே.

திருவனந்தபுரத்துக்கு அருகில் பாதுகாப்பாக நீந்தக்கூடிய கடற்கரை எது?

கடற்கரையின் பெயரை மட்டும் சொன்னால் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும். எந்த மாதம், எந்த நேரம், கரையில் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும். அப்படிச் சொல்வதானால், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில், காலை நேரத்தில், உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கும்போது, அவர்கள் காட்டும் எல்லைக்குள் நின்று நீந்துவதற்குக் கோவளத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நகரிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவு.

கோவளத்தில் பாறை முனைகளால் பிரிக்கப்பட்ட பிறை வடிவக் கரைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தெற்கே கலங்கரை விளக்கம் நிற்கும் குன்றின் அடியில் லைட்ஹவுஸ் கடற்கரை, அதற்கு வடக்கே ஹவ்வா கடற்கரை, இன்னும் வடக்கே சமுத்திரா கடற்கரை. முதல் இரண்டையும் பிரிப்பது இடைக்கல்லு என்னும் பாறை. புகைப்படம் எடுப்பதற்காக எல்லோரும் அந்தப் பாறையை நோக்கித்தான் போகிறார்கள். நீந்துபவர் அதிலிருந்து விலகியே இருக்க வேண்டும். பாறையை ஒட்டி நீர் உள்ளே இழுப்பதும், திரும்பி வரும் அலை ஆளைப் பாறையில் மோதவிடுவதும் அங்கே வழக்கம். கரையின் நடுப்பகுதியே நல்லது.

இணையத்தில் தேடினால் கோவளம் "நீலக்கொடி" பெற்ற கடற்கரை என்று வருகிறதே?

அது வேறு கோவளம். 2021-இல் நீலக்கொடி என்னும் பன்னாட்டுக் கடற்கரைத் தரச் சான்று பெற்றது சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம். கன்னியாகுமரிக்கு அருகிலும் அதே பெயரில் ஒரு மீனவ ஊர் இருக்கிறது. எனவே தேடும்போது மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரு கோவளத்தின் அலை நிலவரத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கோவளத்தில் இறங்கியவர்களை நான் அறிவேன். சென்னைப் பக்கம் வங்கக் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் அரபிக் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும் என்பதால் இது சிரித்து விட்டுவிடக்கூடிய தவறு அன்று.

எந்த மாதங்களில் கடலில் இறங்கவே கூடாது?

ஜூன் தொடக்கம் முதல் செப்டம்பர் வரை, அதாவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், நீச்சலை மறந்துவிடுவது நல்லது. ஆனியும் ஆடியும் எப்படிப்பட்ட மாதங்கள் என்பதை நம் கடற்கரை ஊர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேரளத்தில் விசைப்படகு இழுவலைக்கு 52 நாள் தடையும், குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களில் 61 நாள் தடையும் இருப்பது மீன் இனப்பெருக்கத்துக்காகத்தான். ஆனாலும் அந்த நாட்களில் கரையில் கட்டிக் கிடக்கும் படகுகளைப் பார்த்தால் நீந்துபவருக்கும் ஒரு செய்தி கிடைக்கும். பருவமழைக் காலத்து அலை கரை மணலை அரித்துக்கொண்டு போவதால், போன மாதம் முழங்கால் ஆழம் இருந்த இடம் இந்த மாதம் தலைக்கு மேல் இருக்கலாம்.

ஆடி அமாவாசையும், கேரளத்தார் பலி இடும் கர்க்கடக வாவும் இந்தக் காலத்திலேயே வருகின்றன. பலி இடுவதற்காக ஆயிரக்கணக்கானோர் கடலில் இறங்கும் அந்த நாளில் கயிறு கட்டியிருப்பார்கள். காவலர்களும் உயிர்காப்பாளர்களும் நிற்பார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டாமல் மூழ்கி எழுவது ஒன்று, நீந்துவது வேறொன்று.

அக்டோபர், நவம்பரில் காலைக் கடல் பல நாள் அழகாக இருக்கும். பிற்பகலில் இடி மின்னல். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை எச்சரிக்கையாக இருக்கும்படி கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். மின்னல் நேரத்தில் திறந்த நீரில் தலை மட்டும் தெரிய மிதப்பதைவிட மோசமான இடம் வேறில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எவ்வளவு வேகமாக உருவெடுத்தது என்பதையும் இந்தக் கரை மறந்திருக்காது.

மார்ச் முதல் மே வரை வானம் தெளிவாக இருக்கிறது, காற்றும் இல்லை. அப்போது பயமில்லைதானே?

நீந்துபவர்களை அதிகமாக ஏமாற்றுவது இந்த மூன்று மாதங்கள்தாம் என்பது என் கருத்து. காரணம் கள்ளக்கடல்.

தெற்கு இந்தியப் பெருங்கடலில், நம் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான கி.மீ. தொலைவில், பலத்த புயல் வீசும்போது எழும் பேரலைகள் சில நாட்கள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன. இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானத்தில் ஓர் அடையாளமும் தெரியாது. ஆனால் கடல் திடீரென்று கரையேறும். கள்ளனைப் போலச் சொல்லாமல் வருவதால் மீனவர்கள் வைத்த பெயர் இது. 2012-இல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லை அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது.

2024 மே 6 அன்று குமரி மாவட்டத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அந்த நாட்களில் தென் தமிழகக் கரைக்கும் கேரளக் கரைக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை நடைமுறையில் இருந்தது. இந்த எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ், அதாவது இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், வெளியிடுகிறது; இரு மாநிலப் பேரிடர் அமைப்புகளும் அதை எடுத்துச் சொல்கின்றன. வானிலைச் செயலியில் வெயில் படம் இருப்பதைப் பார்த்துக் கடலுக்குக் கிளம்புபவர்கள், கிளம்புவதற்கு முன் இன்காய்ஸ் அறிவிப்பையும் பார்க்க வேண்டும். வானிலை அறிவிப்பு வானத்தைப் பற்றியது. அது கடலின் நிலையைச் சொல்லாது.

கரைக்கு வந்த பிறகும் ஒரு சோதனை செய்யலாம். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அடுத்தடுத்து உடையும் பத்து அலைகளுக்கு எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணுங்கள். உள்ளூர்க் காற்றில் எழும் அலைகள் ஆறு, எட்டு விநாடிக்கு ஒன்றாக வரும். இடைவெளி பதினைந்து விநாடியைத் தாண்டினால் அந்த அலை வெகுதொலைவிலிருந்து வருகிறது என்று பொருள். உயரம் குறைவாகத் தெரிந்தாலும் அது கொண்டுவரும் நீரின் அளவு மிக அதிகம். அன்று கரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

ஓத நேரம் பார்த்து இறங்கினால் போதுமா?

நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கு உட்பட்டதுதான். வாவு நாட்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமியில், சற்றுக் கூடும். ஓதத்தைவிட அலையின் இடைவெளிக்கும் திசைக்கும் நீங்கள் கொடுக்கும் கவனமே முக்கியம்.

கடல் உள்ளே இழுக்கும் இடத்தைக் கரையிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும்; ஆனால் அதற்குப் பத்து நிமிடமாவது உயரமான இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அலைகள் கரைக்குக் கொண்டுவந்த நீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே அது ஒன்றுசேர்ந்து, குறுகிய ஓடையாகக் கடலை நோக்கிப் பாய்கிறது. அந்த இடத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. இருபுறமும் வெள்ளை நுரை எழ, நடுவில் மட்டும் ஒரு பாதைபோல நீர் அமைதியாகவும் கருத்தும் தெரியும். சில சமயம் மணல் கலங்கி உள்ளே போவதும் தெரியும். புதிதாக வருபவர்கள் "அங்கே அலையே இல்லை, குழந்தைகளை அங்கே இறக்கலாம்" என்று காட்டுவது மிகச் சரியாக இந்த இடத்தைத்தான்.

வேகமான நாளில் இந்த ஒழுக்கு விநாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். கையை உயர்த்திக் காட்டுங்கள். ஒழுக்கு ஆளைக் கடலடிக்கு இழுப்பதில்லை, அப்பால் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். அலை உடையும் வரிசையைத் தாண்டியதும் அதன் வலு குறையும். பிறகு கரைக்கு இணையாக நகர்ந்து, நுரை எழும் இடத்துக்கு வந்து, அலையோடு சேர்ந்து கரையேறுங்கள்.

குமரி மேற்குக் கரையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடல் அரிப்பைத் தடுக்க நீரோடி முதல் பல ஊர்களில் தூண்டில் வளைவுகளும் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் வரிசைகள்) கற்சுவர்களும் கட்டியிருக்கிறார்கள். தூண்டில் வளைவின் ஓரம் ஏறக்குறைய எப்போதும் ஓர் இழுவை இருக்கும். கல் வரிசை அலையைத் தடுப்பதால் அந்த இடம் குளம் போலத் தோன்றும். கரையோரமாக வரும் நீர் கல்லில் முட்டிக் கடல் பக்கம் திரும்புவது கண்ணுக்குத் தெரியாது. இருபத்திரண்டு வயதில் நான் அப்படி ஒரு கல் வரிசைக்குப் பக்கத்தில் இறங்கி, அதன் நுனிவரை இழுபட்டுப் போயிருக்கிறேன். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் வள்ளத்தைத் தள்ளி வந்து ஏற்றினார். "மக்களே, கல்லுப் பக்கம் இறங்கலாமா? கேட்டிருக்கலாம்லா" என்று மட்டும் சொன்னார்.

பூவாறு, தேங்காய்ப்பட்டணம் போன்ற பொழிமுகங்களில் (ஆறு கடலில் சேரும் இடங்களில்) நீர் அமைதியாக இருக்கிறதே, அங்கே நீந்தலாமா?

கூடாது. பூவாற்றில் நெய்யாறும், தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறும், மணக்குடியில் பழையாறும் கடலில் சேர்கின்றன. பொழி மணலால் மூடிக் கிடக்கும்போது காயல் ஏரியாகத் தெரியும்; மழையில் நீர் ஏறிப் பொழி முறிந்தால், அதே இடம் சில மணி நேரத்தில் ஆளை அடித்துச் செல்லும் வாய்க்காலாகிவிடும். முறிந்த பொழியின் மணல் விளிம்பு காலடியிலேயே சரியும். பூவாற்றின் மணல்திட்டில் நின்று ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் கடல் என்று படம் எடுப்பது சரி. எந்தப் பக்கமும் இறங்க வேண்டாம். படகில் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

குமரி மாவட்டத்துக் கடற்கரைகளில் எது நல்லது?

நீச்சல் பயிற்சிக்கு என்று கேட்டால், மனம் ஒப்பி ஒன்றைச் சொல்ல எனக்குத் தயக்கம். முட்டம் பார்க்க அழகான இடம். பாறையும் சுழலும் நிறைந்த இடமும் அதுவே. சொத்தவிளை நீண்ட மணற்கரை. நடக்க நன்று, ஆனால் அலை கரைக்கு மிக அருகில் வந்து உடைகிறது, ஆழமும் சட்டென்று இறங்குகிறது. லெமூர் கடற்கரையில் நடந்ததை மேலே சொன்னேன். கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்தில் சுவர் கட்டிய துறைக்குள் முங்கி எழலாம். சுவருக்கு வெளியே போகக் கூடாது. குளச்சல் துறைமுகம் படகுகளுக்கு உரியது. கரையில் ஆட்களும் உயிர்காப்பாளரும் இருந்தால், சொத்தவிளையில் இடுப்பளவு நீரில் நிற்கலாம் என்பதுவரைதான் என் பரிந்துரை.

மணவாளக்குறிச்சிப் பக்கம் கரியமணலில் கதிரியக்கம் இருப்பதாகப் பயந்து சிலர் கேட்கிறார்கள். மோனசைட் மணலில் இயற்கைக் கதிர்வீச்சு உண்டு என்பது உண்மை. சில மணி நேரம் அங்கே இருந்து திரும்புவதால் குறிப்பிடத்தக்க தீங்கில்லை. அந்தக் கரையில் பயப்பட வேண்டியது அலைக்கு.

சங்குமுகத்தில்?

பல ஆண்டு அரிப்பில் நீந்துவதற்கான மணற்கரையே பெரும்பாலும் போய்விட்டது. உடைந்த கான்கிரீட்டும் கல்லும் நீருக்குள் கிடக்கக்கூடிய இடத்தில் நீந்தாதீர்கள்.

விழிஞ்ஞம் அலைத்தடுப்புக்கு உள்ளே கடல் குளம்போல இருக்கிறதே?

2025 மே மாதம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பன்னாட்டுத் துறைமுகம் அது. உள்ளே பெருங்கப்பல்களும் இழுவைப் படகுகளும் இயங்குகின்றன. பக்கத்து மீன்பிடித் துறைமுகத்தில் வள்ளங்கள் இடைவிடாமல் வந்து போகும். நீரில் இருக்கும் ஒரு தலை, படகு ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாது. இரண்டிலும் இறங்கக் கூடாது.

ஆழிமலைப் பாறைகளில் சிப்பி எடுப்பவர்கள் முங்குகிறார்களே, நாம் மட்டும் ஏன் கூடாது?

சிப்பி எடுப்பவர் அந்தப் பாறையை அப்பாவோடும் சித்தப்பாவோடும் சிறு வயதிலேயே முங்கிப் படித்தவர். எந்த அலை வரிசைக்குப் பிறகு இடைவெளி வரும், எந்தப் பிளவுக்குள் நீர் சுழலும் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் செல்லும் இடத்துக்கு நாம் செல்லக் கூடாது. ஆனால் அவரைப் பார்த்து நாம் ஒன்று தெரிந்துகொள்ளலாம். அவர்கள் முங்குகிற நாளில் நீர் தெளிந்து, அலை அடங்கியிருக்கிறது என்று பொருள். சிப்பிப் பருவம் நடக்கும்போதே அவர்கள் கரையில் உட்கார்ந்திருந்தால், ஏன் என்று கேட்டுவிட்டே முடிவெடுங்கள்.

கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. "அண்ணா, இன்னைக்கு நீவாடு (நீரோட்டம்) எப்படி?" என்று தொடங்கினால் போதும், எல்லைக்கு அந்தப் பக்கமானால் "சேட்டா" என்று தொடங்குங்கள். கரைமடி (கரையிலிருந்து கயிறு பிடித்து இழுக்கும் பெருவலை) இழுக்கிற நேரத்தில் மட்டும் அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். அந்தக் கம்பாவலையின் இரு கயிறுகளுக்கு நடுவில் நீந்துவதும் வேண்டாம். அவர்களுடைய ஒரு நாள் உழைப்பு அந்த வளைவுக்குள் இருக்கிறது.

கடல் வேண்டாம் என்றால் காயல், குளம், அணை?

நெய்யாறு அணையின் நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு. குளிக்க இறங்கியவர்களை அவை தாக்கிய வரலாறும் உண்டு. வெள்ளாயணிக் காயல் நன்னீர் ஏரி, குடிநீர் ஆதாரம். தாமரைத் தண்டும் ஆகாயத்தாமரையும் காலைச் சுற்றும். ஆக்குளம், வேளிக் காயல்களில் நகரத்துச் சாக்கடை கலக்கிறது.

குளங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெதுவெதுப்பான, தேங்கிய நன்னீரில் வாழும் நெக்லேரியா என்னும் அமீபா மூக்கு வழியாக மூளைக்குச் சென்று உயிரைப் பறிக்கும் காய்ச்சலை உண்டாக்குகிறது. 2024-இல் நெய்யாற்றின்கரை வட்டத்தில் ஒரு குளத்தில் குளித்தவர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் கண்டது. 2025-இல் கேரளம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டது. குடிப்பதால் இது வராது; மூக்கில் நீர் ஏறுவதால் வருகிறது. எனவே பாசி படிந்த, கலங்கிய குளங்களில் குதிப்பதும் முங்குவதும் வேண்டாம். வேறு வழியின்றி இறங்கினால் மூக்குக் கவ்வி அணிந்து, தலையை நீருக்கு மேலேயே வைத்திருங்கள். குளித்த சில நாட்களில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால், குளத்தில் குளித்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். சிகிச்சை விரைவாகத் தொடங்குவதில்தான் உயிர் இருக்கிறது. கடல்நீரில் இந்த அமீபா வாழ்வதில்லை.

கடல்நீர் சுத்தமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மழை பெய்து இரண்டு, மூன்று நாட்களுக்கு ஆற்று முகத்துவாரங்களையும் நகரத்து ஓடைகள் சேரும் இடங்களையும் தவிருங்கள். பூந்துறைப் பக்கம் இது மிகவும் பொருந்தும். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபின், அரிசி போன்ற வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம், குமரிக் கரைகளில் ஒதுங்கின. மணலில் அவற்றைப் பார்த்தால் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துச் செல்வது?

வேட்டி, லுங்கி, சேலை, துப்பட்டா ஆகியவை நீரில் நனைந்து காலைக் கட்டும். நம் கரையில் இதனால் ஏற்படும் ஆபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உடலோடு ஒட்டிய முழுநீள நீச்சல் உடை இப்போது எல்லா அளவிலும் கிடைக்கிறது. வெயிலுக்கும் சொறிக்கும் (ஜெல்லி மீன்) அதுவே காப்பு. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் தொப்பி, இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் காற்று மிதவை, ஒரு விசில் ஆகியவை போதும். கரைக்கு இணையாக, நிற்க முடியும் ஆழத்துக்குப் பக்கத்திலேயே நீந்துங்கள். கரையில் உங்களைப் பார்த்துக்கொண்டே ஒருவர் இருக்க வேண்டும். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கில் சேராது. குடித்தவர் நீரில் இறங்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

சொறி பட்டால்?

கடல்நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீரும் தேய்ப்பதும் எரிச்சலைக் கூட்டும். ஒட்டியிருக்கும் இழைகளை அட்டையாலோ கவ்வியாலோ எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ கண்ணில் பட்டிருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒருவர் மூழ்குவதைப் பார்த்தால் என்ன செய்வது?

பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய மற்றவர்களும் சேர்ந்து இறந்த செய்திகள் நம் ஊர்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. மிதக்கும் எதையாவது எறியுங்கள்: மூடிய காலித் தண்ணீர்க் கேன், வலை மிதவை, கயிறு கட்டிய டியூப். உயிர்காப்பாளரையும் வள்ளக்காரரையும் கூவி அழையுங்கள். கரைக்குக் கொண்டுவந்தபின் மூச்சில்லையென்றால், வயிற்றை அழுத்துவதிலும் தலைகீழாகத் தூக்குவதிலும் நேரத்தை வீணாக்காமல், முதலில் வாயோடு வாய் வைத்து இரண்டு முறை மூச்சூதி, பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை தொடர வேண்டும். இதை வாசித்துக் கற்க முடியாது. முதலுதவிப் பயிற்சி ஒன்றில் ஒரு நாள் சேர்ந்து பழகிக்கொள்ளுங்கள்.

அழைக்க வேண்டிய எண்கள்: பொது அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093. கொல்லங்கோடு, பொழியூர்ப் பக்கம் கைபேசி அடுத்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. எனவே அழைப்பை எடுத்தவரிடம் முதல் வாக்கியத்திலேயே ஊர், கடற்கரை, மாநிலம் மூன்றையும் சொல்லுங்கள்.